கிங் சோடிக்கு முப்பது ரூபாய்: உப்புவெளி மேசை ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஆட்டம் ஹோல்டெம் போக்கர்: ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒரு சனிக்கிழமை இரவு அண்ணைக்கு இரண்டு கிங் வந்தது. எட்டுப் பேர் இருந்த மேசை. முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்த அண்ணை யோசிக்காமல் 80 ரூபாய் வைத்தார். ஏழு பேரும் வரிசையாகச் சீட்டைப் போட்டுவிட்டு விலகினோம். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கிற காசுதான் ப்ளைண்ட்; எங்கள் ஸ்மால் ப்ளைண்ட் 10, பிக் ப்ளைண்ட் 20. ஆகவே அவருக்குக் கிடைத்தது 30 ரூபாய். சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு, "ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார்.

எனக்கு இருந்தது. ஆஸும் 10உம், ஒரே இனம். வேறு யார் 80 வைத்திருந்தாலும் கோல் பண்ணியிருப்பேன், அதாவது நானும் 80 வைத்துத் தொடர்ந்திருப்பேன். அண்ணை வைத்தபடியால் போட்டுவிட்டேன்.

இரண்டு கிங் சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். சீட்டைக் கையால் கலைத்து, சிப்ஸை எண்ணி, இடையில் தேத்தண்ணீர் குடித்து ஆடுகிற மேசையில் மணிக்கு 25 கை ஓடினால் பெரிய காரியம். நாங்கள் ஒரு இரவில் ஆடுவது நாலு மணித்தியாலம். அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிற கை அது. அதற்கு முப்பது ரூபாய். அன்றிரவு மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது நான் இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "அப்ப என்ர ஆட்டத்தில என்ன பிழை எண்டு எழுதிக் காட்டு தம்பி" என்றார். இந்த ஆய்வு அங்கே தொடங்கியது. பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அண்ணை என்றே எழுதுகிறேன்.

மேசையும் ஆளும்

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்கு ஒரு ஒழுங்கை பின்னால் இருக்கிற நண்பர் வீட்டு விறாந்தையில்தான் ஆட்டம். ஆள் ஒன்றுக்கு 2,000 ரூபாய், அதாவது நூறு பிக் ப்ளைண்ட். வீட்டுக்காரர் பொட்டிலிருந்து, அதாவது நடுவில் சேருகிற காசிலிருந்து, ஒரு சதமும் எடுப்பதில்லை. கொத்துரொட்டிக் காசை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்போம். இது சின்ன விஷயம் இல்லை. கசினோக்களில் ஒவ்வொரு பொட்டிலிருந்தும் ஒரு பங்கை வெட்டி எடுப்பார்கள். அப்படி வெட்டும் மேசையில் சின்னப் பொட்டுகளுக்காக மல்லுக்கட்டுவது நட்டம். எங்கள் விறாந்தையில் அந்தப் பயம் இல்லை.

வழமையாக வருகிறவர்கள்: திமிங்கிலம் காட்டவும் புறாத்தீவுக்கும் ஆட்களை ஏற்றுகிற படகுக்காரர், வங்கியில் வேலை செய்கிற தம்பி ஒருவர், மருந்துக்கடைக்காரர், கணிதம் படிப்பிக்கிற நான், அண்ணை, இன்னும் இரண்டொருவர். மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று அடித்துக் கடல் அமைதியாக இருக்கிற பருவத்தில், வெளிநாட்டுப் பயணிகள் ஓரிருவரும் வந்து உட்காருவார்கள்.

அண்ணை ஐம்பதைத் தாண்டியவர். போர்க்காலத்தில் லண்டன் போய், எண்ணெய்க்கடையில் இரவு வேலை செய்து, 2012இல் திரும்பி வந்து உப்புவெளியில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். போக்கர் படித்தது லண்டனில்தான். 1999இல் பிரிட்டனின் சனல் 4 மேசையில் கண்ணாடி பதித்து, கீழே கமரா வைத்து, ஆட்டக்காரரின் மூடிய சீட்டைப் பார்வையாளருக்குக் காட்டத் தொடங்கியது. 2003இல் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத் தகுதிச் சுற்றால் நுழைந்து, 839 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றார். அதன் பிறகு உலகம் முழுக்க ஆட்டமே தெரியாதவர்கள் மேசைகளில் வந்து குவிந்தார்கள். அண்ணை படித்தது அந்த வருடங்களில்.

அந்தக் காலத்துப் பாடம் எளிமையானது. நல்ல சீட்டு வரும்வரை காத்திரு. வந்தால் பலமாக அடி. மற்றதைப் போடு. அது பிழையான பாடம் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். எதைக் கண்டாலும் கோல் பண்ணுகிற புது ஆட்கள் நிறைந்த மேசையில், காத்திருந்து அடிப்பவருக்குக் காசு தானாக வந்தது. பாடத்தின் சரி, பிழை எதிரில் யார் இருந்தார்கள் என்பதில் தங்கியிருந்தது. பத்து வருடமாக அதே எட்டு முகங்கள் உட்காருகிற விறாந்தையில் அந்தப் பாடத்தை எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பிரச்சினை அவ்வளவுதான்.

கொப்பியில் விழுந்தவை

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். ஆறு சனிக்கிழமை எதையும் மாற்றாமல் அண்ணை ஆடிய ஒவ்வொரு கையையும் எழுதினேன்: எந்த இருக்கை, முன்னால் யார் என்ன செய்தார், எவ்வளவு வைத்தார், யார் தொடர்ந்தார். அவரும் நினைவிலிருந்து சொல்வார். அவர் நினைவு அபாரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலாவதாகத் தெரிந்தது, அவர் ரெய்ஸ் பண்ணுகிற, அதாவது தொகையை ஏற்றுகிற, கைகளின் ஒடுக்கம். முன் இருக்கையில் இருந்து 10 சோடியும் அதற்கு மேலான சோடிகளும், ஆஸ்-கிங், ஒரே இன ஆஸ்-குயின். வேறு ஒன்றும் இல்லை. எண்ணிப் பாருங்கள். ஒரு சோடி ஆறு விதமாக வரலாம். ஐந்து சோடிக்கு 30. ஆஸ்-கிங் 16 விதம். ஒரே இன ஆஸ்-குயின் நாலு விதம். மொத்தம் 50. இரண்டு சீட்டு வரக்கூடிய எல்லா விதமும் 1,326. நூற்றுக்கு நாலு கூட இல்லை. 9 சோடியும் அதற்குக் கீழேயும் வந்தால் 20 ரூபாயை மட்டும் வைத்து உள்ளே வருவார். ஆகவே மேசைக்கு இரண்டு சைகைதான் தேவைப்பட்டது. 80 வைத்தால் பெரிய சோடி. 20 வைத்தால் சின்னச் சோடி. மூடிய சீட்டைத் திறந்து வைத்து ஆடுவதும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று.

இரண்டாவது, பிக் ப்ளைண்டில் அவர் விட்டுக்கொடுத்த காசு. இதில் குற்றவாளி நானே. கடைசி இருக்கையான பட்டனில் நான் இருந்து, எல்லோரும் போட்டிருந்தால், என்ன சீட்டு வந்தாலும் 50 ஆக்குவேன். அண்ணை விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஸ்மால் ப்ளைண்ட் போட்டுவிட்டால் பொட்டில் 80 இருக்கும். அவர் இன்னும் 30 வைத்தால் போதும். 30ஐ 110ஆல் பிரித்தால் 27 சதவீதம். அதாவது நூற்றுக்கு இருபத்தேழு தடவை வெல்லக்கூடிய கையே அந்த விலைக்குப் போதும். ஒரே இன 10-8 போன்ற கை, குப்பையையும் சேர்த்து ஆடுகிற என் கைகளுக்கு எதிராக அதைத் தாராளமாகத் தாண்டும். முதலில் பேச வேண்டிய இடம் என்பதால் அந்தப் பலம் முழுவதையும் அறுவடை செய்ய முடியாதுதான். அதைக் கழித்துப் பார்த்தாலும் விடக் கூடாத கை. ஆறு சனிக்கிழமையில் இப்படி அவர் போட்ட கைகளை அவருக்கு முன்னால் எண்ணிக் காட்டியபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மூன்றாவதுதான் பெரியது. இதை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணைக்கு ஆஸ் சோடி. 80 வைக்கிறார். பட்டனில் படகுக்காரர் கோல், பிக் ப்ளைண்டில் மருந்துக்கடைக்காரர் கோல். பொட் 250. ஃப்ளொப், அதாவது முதலில் திறக்கிற மூன்று பொதுச் சீட்டு, 9, 8, 5. அண்ணை 200 வைக்கிறார். படகுக்காரர் மட்டும் தொடர்கிறார். பொட் 650. நாலாவது பொதுச் சீட்டான டேர்ன் 6. அண்ணை 450 வைக்கிறார். படகுக்காரர் தன்னிடம் மிச்சமிருந்த 1,720ஐயும் நடுவில் தள்ளுகிறார். அண்ணை ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஆஸ் சோடியை எப்பிடிப் போடுறது" என்று கோல் பண்ணினார். படகுக்காரரிடம் 7 சோடி. ஐந்திலிருந்து ஒன்பது வரை தொடர்.

துரதிர்ஷ்டம் என்று மேசை சொன்னது. கொப்பி வேறு சொன்னது. அந்த இடத்தில் அண்ணை இன்னும் வைக்க வேண்டியிருந்தது 1,270. வென்றால் கிடைப்பது 2,820. 31 சதவீதம் வெல்ல வேண்டும். படகுக்காரர் டேர்னில் வெறுங்கையோடு தள்ளியதை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. தொடர் என்றால் ஆஸ் சோடிக்கு அநேகமாக வழியே இல்லை. ஒரே எண்ணில் மூன்று என்றால் இன்னும் இரண்டு ஆஸ்தான் காப்பாற்றும். சரி, மிக நல்லதாக நினைத்து 9-8 என்று இரண்டு சோடி வைத்துக்கொள்வோம்: இரண்டு ஆஸ், மூன்று 5, மூன்று 6, ஆக எட்டுச் சீட்டு. தெரியாத 44 சீட்டில் எட்டு, 18 சதவீதம். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் 31ஐ எட்டவில்லை.

பிறகு நான் படகுக்காரரிடம் கேட்டேன், 7 சோடிக்கு ஏன் 80 கொடுத்தீர்கள் என்று. "அண்ணையிட்டப் பெரிய சோடி எண்டு தெரியுமே. எனக்கு விழுந்தா அவர் விடமாட்டார்" என்றார். அண்ணையின் ஆட்டத்தின் முழு விலையும் அந்த இரண்டு வசனத்தில் இருக்கிறது. வெல்லும்போது 30, தோற்கும்போது 2,000.

மெல்பர்னிலிருந்து வந்த மருந்து

ஏழாவது வாரம் அண்ணையின் மருமகன் விடுமுறைக்கு மெல்பர்னிலிருந்து வந்தான். அங்கே ஒழுங்காகப் படித்து ஆடுகிறவன். மடிக்கணினியில் சொல்வர் வைத்திருந்தான்.

சொல்வர் என்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஆட்டத்தைப் பழையதாக்கியது அதுதான். இரண்டு ஆட்டக்காரரிடம் இருக்கக்கூடிய கைகள், பொட்டின் அளவு, வைக்கக்கூடிய தொகைகள் ஆகியவற்றைக் கொடுத்தால், அது தன்னோடு தானே திரும்பத் திரும்ப ஆடும். ஒவ்வொரு முடிவுக்கும் பிறகு, வேறு விதமாகச் செய்திருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும் என்ற வருத்தத்தைக் கணக்கு வைக்கும். அடுத்த தடவை வருத்தம் கூடிய தெரிவின் பக்கம் சாயும். இந்த முறையை 2007இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2015இல் அதே பல்கலைக்கழகம், வைக்கிற தொகைக்கு எல்லை உள்ள, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம்மை நடைமுறையில் முழுக்கத் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், அந்த எல்லை இல்லாத நோ-லிமிட்டில் நாலு தொழில்முறை ஆட்டக்காரருக்கு எதிராக 20 நாளில் 120,000 கை ஆடி வென்றது. 2019இல் அதன் தம்பி புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் வென்றது. 2015இலிருந்து இப்படிப்பட்ட கருவி வீட்டுக் கணினியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

மருமகன் நல்லெண்ணத்தோடு அட்டவணைகள் அச்சடித்துக் கொடுத்தான். எந்த இருக்கையில் எந்தக் கை, எதற்கு மீள ரெய்ஸ், எந்த ஃப்ளொப்பில் எவ்வளவு. அண்ணை அதை லண்டன் நாட்களில் படித்தது போலவே படித்தார், வரி வரியாக. முதல் இரண்டு சனிக்கிழமை அற்புதம். ஒரே இன ஆஸ்-5ஓடு மீள ரெய்ஸ்; எல்லோரும் விட்டோம். ஒன்றும் விழாத ஃப்ளொப்பில் அடித்தார், விட்டோம். பத்து வருடமாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையை அவர் செலவழித்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அது முடிந்தது. படகுக்காரர் 80 வைத்தார்; பட்டனில் அண்ணை ஒரே இன ஆஸ்-5ஓடு 260. கோல். பொட் 550. ஃப்ளொப் கிங், 9, 4. அண்ணை 180, கோல். டேர்ன் 2. அண்ணை 600, கோல். கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் ஜாக். அண்ணை மிச்சம் 960ஐயும் தள்ளினார். படகுக்காரர் மேலே விசிறியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், "எனக்கெண்டா நம்பிக்கை வரேல்ல" என்று 10-9ஓடு கோல் பண்ணினார். 9 சோடி. வென்றார்.

அட்டவணையின்படி அண்ணை செய்தது பெரிய பிழை இல்லை. 2,110 பொட்டுக்கு 960 அடித்தால், நூற்றுக்கு 31 தடவை எதிராளி விட்டால் போதும். ஆனால் சொல்வர் எதிரில் வைத்து ஆடியது தன்னைப் போலவே கணக்குப் பார்த்து விடுகிற ஒருவரை. படகுக்காரர் ஒரு சோடி பிடித்துவிட்டால் விடமாட்டார். அதிகாலையில் எழும்பிக் கடலுக்குப் போகிற மனிதர், சனி இரவு உட்காருவதே காட்டச் சொல்லிப் பார்க்கத்தான். அந்த இரவிலிருந்து மேசை முழுக்க அண்ணையைக் கோல் பண்ணத் தொடங்கியது. அடுத்த மூன்று வாரத்தில் ஐந்து தடவை 2,000 போனது. மருமகனும் மெல்பர்ன் போய்விட்டான். அண்ணை அட்டவணைகளை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டு, "எனக்குப் பழையதே போதும்" என்றார்.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் விட்டுவிடலாம் என்று இருந்தது. அவரிடம் அறைகளுக்கான காசு வேறு, ஆட்டக் காசு வேறு. இரண்டும் ஒரே லாச்சியில் இருக்கக் கூடாது என்று முதல் நாளே பேசிவைத்திருந்தோம். ஆட்டக் காசு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அவர் அந்த எல்லையைத் தாண்டி ஒரு ரூபாய் எடுத்திருந்தாலும் நான் கொப்பியை மூடியிருப்பேன். எடுக்கவில்லை. ஒரு மாதம் ஆட்டத்துக்கே வரவில்லை.

முன்னூற்று நாலு

திருப்பம் வந்தது போக்கர் மேசையில் இல்லை. உவர்மலையில் ஒரு செத்தவீட்டில், இரவு விழித்திருக்கிறவர்கள் கடதாசி விளையாடினார்கள். முன்னூற்று நாலு. நான் அண்ணைக்குப் பின்னால் கதிரையில் இருந்தேன்.

விளையாடாதவர்களுக்காக: நாலு பேர், 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. துரும்பை மூடி வைத்து, எவ்வளவு எடுப்போம் என்று கேட்டு ஆடுவது. அண்ணை நாலாவது சுற்றிலேயே எதிராளியிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று என் காதில் சொன்னார். "அவன் இருநூறு கேட்டவன். ஜாக் வைச்சிருந்தா முதலே இறக்கியிருப்பான். ஸ்கோப்பன் இல்லையெண்டு வெட்டினவன். அப்ப ஆட்டின் ஒன்பதும் பத்தும் அவனிட்டத்தான்." ஸ்கோப்பன், ஆட்டின் என்பவை சீட்டின் இனங்கள். அவர் சொன்னது அப்படியே விழுந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரேஞ் என்று மருமகன் இரண்டு வாரமாகப் படிப்பிக்க முயன்றது இதைத்தான். எதிராளியிடம் இருக்கக்கூடிய எல்லாக் கையையும் எடுத்து, அவர் செய்த ஒவ்வொன்றாலும் ஒரு பகுதியை வெட்டி, மிச்சத்தை எண்ணுவது. அண்ணை சிறுவயதிலிருந்து இதைச் செய்கிறார். போக்கருக்கு வந்தவுடன் மட்டும், லண்டனில் படித்த பாடம் அவரைத் தன் கையையே பார்க்க வைத்துவிட்டது.

அடுத்த நாள் காலை டச்பே கடற்கரையில், கோட்டை மான்கள் வீதி கடந்து வந்து நின்றுகொண்டிருந்த நேரம், பிளேன்டீயோடு உட்கார்ந்து கொப்பியிலிருந்து ஒரு பழைய கையை எடுத்தேன். அண்ணையிடம் ஆஸ்-குயின். தரையில் ஆஸ், 9, 4, பிறகு 7, பிறகு 2, ஃப்ளஷ் இல்லை. வங்கித் தம்பி இரண்டு தடவை கோல் பண்ணிவிட்டு ரிவரில் செக் பண்ணினார், அதாவது காசு வைக்காமல் விட்டார். அண்ணையும் செக் பண்ணியிருந்தார், ஆஸ்-கிங் இருந்தால் என்ன செய்வது என்று பயந்து.

"முன்னூற்று நாலு மாதிரி எண்ணுங்க அண்ணை" என்றேன்.

அவர் விரல் மடித்தார். ஒரு ஆஸ் தரையில், ஒன்று தன்னிடம், மிச்சம் இரண்டு. இரண்டு சோடியோ ஒரே எண் மூன்றோ இருந்திருந்தால் வங்கித் தம்பி டேர்னிலேயே ஏற்றியிருப்பார். அவர் பொறுத்திருந்ததே இல்லை. ஆகவே வெட்டு. ஆஸ்-கிங் இருக்கலாம்: இரண்டு ஆஸ், நாலு கிங், எட்டு விதம். ஒரே இன ஆஸ்-2 அதிகபட்சம் இரண்டு. தன்னை வெல்பவை பத்து. தான் வெல்பவை: ஆஸ்-ஜாக் எட்டு, ஆஸ்-10 எட்டு, ஆஸ்-8 எட்டு. இருபத்துநாலு. இந்த 34 கையும் கோல் பண்ணும். அதில் 24இல் தான் வெல்கிறார். 9 சோடியோடு கோல் பண்ணுகிற கைகளைச் சேர்க்கவே இல்லை.

"அப்ப நான் விட்ட காசு இது" என்றார். வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன்.

இரண்டாவது தடவை மாற்றியவை

இந்தத் தடவை அட்டவணையில் தொடங்கவில்லை, மேசையிலிருந்த ஆட்களில் தொடங்கினோம். கொப்பியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: எதற்கு விடுவார், எதற்கு விடமாட்டார், ஏற்றினால் என்ன அர்த்தம்.

படகுக்காரரும் மருந்துக்கடைக்காரரும் 20 வைத்து உள்ளே வந்துவிட்டால் 80 என்றாலும் 140 என்றாலும் தொடர்வார்கள். அறக்குளா விலை ஏறினாலும் வாங்குகிற ஆள் வாங்கத்தான் செய்வார், அதே கதை. ஆகவே நல்ல கை வந்தால் 140. கிங்-குயின், ஆஸ்-ஜாக் போன்ற கைகளோடு முன்பு 20 வைத்துப் பின்னால் போனவர், பட்டனில் இருந்தால் இப்போது ஏற்றுகிறார். கடைசியாகப் பேசுகிற வசதியோடு, பலவீனமான கைகளுக்கு எதிராக, பெரிய பொட்டில் ஆடக் கிடைக்கிறது. முன் இருக்கையில் இன்னும் ஒடுக்கமாகவே ஆடுகிறார், 10 சோடி என்பது 7 சோடி வரை இறங்கியதும் இன்னும் சில கைகளும் தவிர. பட்டனில்தான் கதவைத் திறந்துவிட்டோம்.

ஃப்ளொப்பில் அடிப்பதும் மாறியது. ஆஸ்-கிங்குக்கு மூன்று ஃப்ளொப்பில் இரண்டில் சோடி விழாது. முன்பு விழுந்தாலும் விழாவிட்டாலும் பொட்டில் மூன்றில் இரண்டு பங்கு அடிப்பார். அது வெற்றியாக நூற்றுக்கு 40 தடவை எதிராளி விட வேண்டும். இப்போது ஒருவர் மட்டும் எதிரில் இருந்து, கிங், 7, 2 போல ஒட்டாத தரை என்றால் மூன்றில் ஒரு பங்கு. 25 தடவை விட்டால் போதும். 8, 7, 6 என்று விழுந்து மூன்று பேர் எதிரில் இருந்தால் செக். இதைச் செய்ய அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அடிக்காமல் விடுவது கோழைத்தனம் என்று பழைய பாடம் சொல்லிக் கொடுத்திருந்தது.

வெறுங்கையோடு அடிப்பதை நிறுத்தவில்லை, இடம் மாற்றினோம். படகுக்காரருக்கு எதிராக ரிவரில் ஒரு சதமும் இல்லை. வங்கித் தம்பி யோசித்து விடுகிறவர். அவருக்கு எதிராக உண்டு. பருவத்தில் வருகிற இளம் பயணிகள் பட்டனிலிருந்து சும்மா சும்மா ஏற்றுவார்கள். மருமகனின் அட்டவணை அவர்களுக்கு எதிராக அழகாக வேலை செய்தது. லாச்சியிலிருந்து அதை வெளியே எடுத்த நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிக் ப்ளைண்டில் என் 50ஐ அவர் இப்போது விடுவதில்லை. நானும் குப்பையோடு ஏற்றுவதை நிறுத்திவிட்டேன்.

எப்படி மதிப்பிட்டோம்

நாலு மாதம், பதினாறு சனிக்கிழமை, சுமாராக 1,600 கை. இவ்வளவு கைக்கு யார் வென்றார், தோற்றார் என்பது பெரும்பாலும் சீட்டின் போக்கு. அண்ணை கொஞ்சம் மேலேதான் நிற்கிறார். ஆனால் அதை ஆதாரமாக வைக்க எனக்கு மனமில்லை. லிப்ராட்டஸ் நாலு பேரோடு ஆடுவதற்கே 120,000 கை வைத்தார்கள்.

ஆகவே அண்ணை எடுத்த தீர்மானங்களை மட்டும் பார்த்தோம். அண்ணை கையை எழுதுவார், முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவார். எதிராளி என்ன காட்டினார், யார் வென்றார் என்பதை எழுதக் கூடாது. அதை நான் ஒரு தடவை, வங்கித் தம்பி ஒரு தடவை, தனித்தனியே பார்த்து என்ன செய்வோம் என்று எழுதுவோம். முடிவு தெரிந்த கையை நேர்மையாகப் படிக்க முடியாது. தோற்ற கையில் எல்லாம் பிழையாகத் தெரியும், வென்ற கையில் ஒன்றும் தெரியாது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் யாராவது எடுத்துக்கொண்டாலும் எனக்கு இதை எழுதியது போதும்.

மேசையிலும் மாற்றம் தெரிந்தது. அண்ணை 80 வைத்தால் முன்பு மௌனமாக விழுந்த சீட்டுகள் இப்போது விழுவதில்லை. "இப்ப அவர் எதோடும் வைப்பார்" என்று மருந்துக்கடைக்காரர் ஆஸ்-9ஓடு கோல் பண்ணினார், அண்ணையிடம் கிங் சோடி. தரையில் மேல் சீட்டு 9. அண்ணை மூன்று தடவை வைத்தார், மருந்துக்கடைக்காரர் மூன்று தடவையும் கொடுத்தார். முப்பது ரூபாய்க் கை 1,100 ரூபாய்க்குப் போனது.

ஆனால் நான் சொல்ல விரும்புகிற கை வேறு. போன சனிக்கிழமை. அண்ணையிடம் ஆஸ் சோடி, படகுக்காரர் ஒருவர் மட்டும் எதிரில். குயின், 10, 4; அண்ணை அடித்தார், கோல். டேர்ன் 9. அண்ணை 300 வைத்தார், படகுக்காரர் 900 ஆக்கினார். மேசை அமைதியானது. அண்ணை விரல் மடிப்பதை நான் கண்டேன். ஒரு நிமிடம் போயிருக்கும். இரண்டு ஆஸையும் மூடியபடியே நடுவில் தள்ளிவிட்டு விலகினார். படகுக்காரர் காட்டவில்லை, அண்ணையும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை டச்பேயில் கொப்பியை என்னிடம் நீட்டினார். இருக்கை, தொகைகள், நாலு சீட்டு. 900க்குக் கீழே கோடு போட்டு நிறுத்தியிருந்தார்.

"சொல்லு தம்பி, நீ என்ன செய்திருப்பாய்?"

நான் பேனையை வாங்கி, படகுக்காரரிடம் இருக்கக்கூடிய கைகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன்.